மாறும் ஷிப்ட்டில் வேலை பார்ப்பவர் எந்தத் தன்னார்வப் பணியை எடுத்துக்கொள்ளலாம்?

திருவொற்றியூரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். மணலியில் ஒரு தொழிற்சாலையில் அவர் எலக்ட்ரீஷியன். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். அவருடைய துணைவியார் பி.காம். படித்து, திருமணத்துக்கு முன்பு ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போய், சமையலும் முடிந்த பிறகு காலை பத்தரை மணியிலிருந்து மதியம் இரண்டு மணி வரை அவருக்கு நேரம் கிடைக்கிறது. இருவரும் ஆசையோடு ஒரு மாலைநேர இலவச வகுப்பில் பாடம் சொல்லித் தரச் சேர்ந்தார்கள். ஷிப்ட் மாறியதும் கணவரால் தொடர முடியவில்லை. மாலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு வர முடியாமல் மனைவியும் நின்றுவிட்டார். "எங்கள் நேரத்துக்கும் எங்களுக்குத் தெரிந்த வேலைக்கும் பொருந்துகிற பணியை எப்படித் தேடுவது?" என்பது அவர்கள் கேள்வி.

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வட்டாரத்தில் மாலைநேரப் படிப்பு மையங்களுக்குத் தன்னார்வலர்களைச் சேர்த்துவிடும் வேலையில் நீண்ட காலமாக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். உங்கள் வகுப்பு நின்றுபோனதற்கு மனம் இல்லாதது காரணம் அல்ல. அந்தப் பணி கேட்ட நேரம் உங்களிடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். தொண்டு செய்ய வருகிறவர்களில் பெரும்பாலானோர் "எனக்கு எதில் ஈடுபாடு?" என்பதில் தொடங்கி, "எனக்கு என்ன தெரியும்?" என்று பார்த்து, கடைசியில்தான் "எனக்கு எப்போது நேரம் இருக்கிறது?" என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. முதலில் நேரம், அடுத்து கைத்திறன், அதன் பிறகுதான் எந்தத் துறை என்பது. வருவதாகச் சொன்ன அக்கா வரவில்லை என்றால், படிப்பு மையத்துப் பிள்ளைகள் முதல் நாள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டாம் வாரம் தங்களுக்குள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் வாரம் அவர்களும் வரமாட்டார்கள். தவறாமல் வருகிற ஒரு மணி நேரத்துக்கு இருக்கும் மதிப்பு, எப்போதாவது வரும் ஒரு முழு நாளுக்கு இல்லை.

உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வோம். ஏ ஷிப்ட் காலை 6 முதல் மதியம் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் இரவு 10 வரை, சி ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை என்று வைத்துக்கொண்டால், மாலை ஐந்து மணி வகுப்புக்கு உங்களால் மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் நிம்மதியாக வர முடியும். பி ஷிப்ட்டில் அந்த நேரத்தில் நீங்கள் பணியில் இருப்பீர்கள். சி ஷிப்ட் வாரத்தில் பகலில் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மறுபடியும் கிளம்பும் மனநிலையில் இருப்பீர்கள். அந்த வாரத்தை எந்தப் பணிக்கும் ஒப்புக்கொடுக்காதீர்கள். தன்னார்வலர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதற்காகத் தமிழக அரசு 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் மாலை 5 முதல் 7 மணி வரை என்ற கணக்கிலேயே அமைந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த நேரம்தான் தோது. ஆகவே, நாள்தோறும் ஒரே மணிக்கு இருந்தாக வேண்டிய பணிகளைத் தனி ஆளாக ஏற்காதீர்கள்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. உங்கள் ஆலையிலேயே வேறு ஷிப்ட்டில் வரும் நண்பர்கள் இருவரைச் சேர்த்துக்கொண்டு, மூவருமாக ஒரே வகுப்பைப் பொறுப்பேற்பது ஒரு வழி. எட்டாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை யார் எதுவரை நடத்தினார் என்று ஒரு நோட்டில் எழுதி மையத்திலேயே வைத்துவிட்டால், ஆள் மாறினாலும் பாடம் அறுந்துபோகாது. மணலி, எண்ணூர் ஆலைகளிலும் துறைமுகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு நன்றாகவே ஒத்துவந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மணி பார்த்துச் செய்யாமல், முடித்துக் கொடுத்தால் போதும் என்கிற பணிகளை எடுத்துக்கொள்வது மற்றொரு வழி. உங்கள் தொழிலே அப்படிப்பட்டது என்பதால், இந்த இரண்டாவது வழியைத்தான் உங்களுக்குப் பரிந்துரைப்பேன்.

நேரம் என்பது ஒரு நாளின் கணக்காகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பழுது பார்ப்பது, படகுக்கு வண்ணம் அடிப்பது என்று அந்த நாட்களிலும் வேலை இருக்கும் என்றாலும், மாலையில் கரையில் இருப்பார்கள். பள்ளிக்கும் அப்போது பெரும்பாலும் விடுமுறை. பிள்ளைகளுக்கு நீச்சலும் கடல் எச்சரிக்கையும் சொல்லித் தர அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஆண்டில் இரண்டு மாதம் மட்டும் தரக்கூடியவரும் முழுமையான தன்னார்வலர்தான்.

உங்கள் கைத்தொழிலுக்கு வருகிறேன். தொண்டு என்றதும் பாடம் நடத்துவதும் அன்னதானமுமே நினைவுக்கு வருவதால், எலக்ட்ரீஷியன் ஒருவர்கூட ஆங்கிலப் பாடம் நடத்தத்தான் வருகிறார். பட்டதாரிகள் பலர் அதைச் செய்ய முன்வருவார்கள். மின்விசிறியைச் சரிசெய்ய யாரும் வருவதில்லை. ஒரு படிப்பு மையத்தில் கோடைக்காலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரே அறை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். மற்றொன்றைக் கையால் தள்ளிவிட்டால்தான் சுற்றத் தொடங்கும். பிள்ளைகள் ஓடுகிற விசிறியின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில் இருப்பவர்கள் நோட்டால் விசிறிக்கொண்டிருப்பார்கள். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற ஒருவர் வந்து பார்த்து, இரண்டிலும் 2.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை மாற்றினார். அரைமணி நேர வேலை. ஒரு டீ வடைச் செலவுதான் அந்தப் பொருளின் விலை. அதோடு நிற்காமல், சுவரில் பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் மூடி உடைந்து கிடந்த சுவிட்ச் போர்டையும், எர்த் (மின்கசிவைத் தரைக்குக் கடத்தும் இணைப்பு) இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரையும் அவர் கண்டுபிடித்தார். அந்த அறையில் அதுவரை எந்த விபத்தும் நேராமல் இருந்தது நல்லகாலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இதைத்தான் நீங்கள் செய்யலாம். அறக்கட்டளைகள் நடத்தும் படிப்பு மையங்கள், முதியோர் இல்லங்கள், குழந்தைகள் இல்லங்கள் ஆகியவற்றில் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து மின்இணைப்புகளைச் சோதித்துத் தருவதாகச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா, மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தியிருக்கிறார்களா, அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் நிற்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மழைக்காலத்துக்கு முன்பு, செப்டம்பர் கடைசிக்குள் ஒரு சுற்றை முடித்துவிடுவது மிக முக்கியம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் பகுதிகளில் தரைத்தளத்து ப்ளக் பாயின்ட்டே எமனாகிவிடும். மாநகராட்சிப் பள்ளிகளில் மட்டும் நீங்களாகக் கைவைக்காதீர்கள். அங்கே மின்பணிகளுக்கு மாநகராட்சிக்கென்று பொறியாளர்கள் இருக்கிறார்கள். பழுதைப் பார்த்துத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் தெரிவித்து, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாகப் போட உதவுவதே முறையானது. உங்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ படித்தால் அந்தக் குழுவில் உறுப்பினராகவே சேரலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009 பெற்றோருக்கே அதில் பெரும்பான்மை இடம் தந்திருக்கிறது.

துணைவியாரிடம் இருக்கும் திறமையின் அருமை அவருக்கே முழுதாகத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். இந்த வட்டாரத்துச் சிறு அறக்கட்டளைகளுக்குப் பாடம் நடத்த ஆள் கிடைத்துவிடுகிறது; கணக்கு எழுதத்தான் ஆள் கிடைப்பதில்லை. நன்கொடை ரசீதுகள் ஒரு பையில், செலவுச் சீட்டுகள் வேறொரு பையில், வங்கிப் புத்தகம் செயலாளர் வீட்டில் என்று கிடக்கும். ஆண்டுக் கடைசியில் ஆடிட்டரிடம் ஓடும்போதுதான் பாதி ரசீதுகளைக் காணோம் என்பது தெரியும். நன்கொடையாளருக்கு வருமானவரிச் சலுகை கிடைக்கச்செய்யும் அனுமதி (1961 சட்டத்தில் 80ஜி பிரிவு) பெற்ற அமைப்புகள், 2021-22 நிதியாண்டிலிருந்து, நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, அடையாள எண், தொகை ஆகியவற்றைப் உரிய படிவம் வழியாக மே 31க்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாள்கணக்கில் கட்டணம் ஏறும், நன்கொடை கொடுத்தவருக்கும் வரிச்சலுகை கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு அந்த வரிச்சலுகை இல்லை என்பதைக்கூட அறியாமல் ரசீது எழுதித் தருகிற இடங்கள் இருக்கின்றன. ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவருக்கு இதெல்லாம் பழகிய வேலை. வாரத்தில் இரண்டு முற்பகல், பத்தரை முதல் ஒரு மணி வரை ஓர் அமைப்பின் கணக்கை அவர் எழுதித் தந்தால், அந்த அமைப்பு தொடர்ந்து நடப்பதற்கே அது உறுதுணையாகும். வீட்டிலிருந்தே செய்ய வேண்டிய நாட்களில் ரசீதுகளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். வங்கிக் கையெழுத்து அதிகாரத்தையும் ரொக்கத்தையும் மட்டும் அவர் ஏற்க வேண்டாம். எழுதுவது அவர் வேலை, பணத்துக்குப் பொறுப்பு நிர்வாகிகளுடையது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

அவருக்கு ஏற்ற மற்றொரு பணி, படிவம் நிரப்பித் தருவது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியப் பதிவு, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகிய எதை எடுத்தாலும், தகுதி இருந்தும் ஒரு சான்றிதழ் குறைந்ததால் கிடைக்காமல் போனவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் இன்னொரு பெயர் என்று இருக்கும். அதை முதலில் திருத்தாமல் விண்ணப்பித்தால் மனு திரும்பி வரும். எந்தத் தாளை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று வரிசைப்படுத்திச் சொல்வதற்கே ஒருவர் தேவைப்படுகிறார். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குடியிருப்போர் நலச் சங்க அறையிலோ நூலகத்திலோ உட்கார்ந்து இதைச் செய்யலாம். மற்றவருடைய ஆதார் நகலைத் தம் கைபேசியில் சேமித்து வைக்காமல் இருப்பதும், ஓ.டி.பி. எண்ணை உரியவரே பதியும்படி விடுவதும் இதில் கட்டாயம்.

பார்வையற்றவர்களுக்குத் தேர்வு எழுதித் தருவது பலரும் விரும்பும் பணி. நேரம் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டிய பணியும் அதுதான். மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் தர வேண்டும் என்பது 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல். ஆகவே பத்து மணிக்குத் தொடங்கும் மூன்று மணி நேரத் தேர்வு இரண்டு மணிக்குத்தான் முடியும். இரண்டு மணிக்குப் பி ஷிப்ட் தொடங்குகிறவர் அந்த வாரத்தில் ஒப்புக்கொள்ளவே கூடாது. இரவுப் பணி முடித்துவிட்டு நேராகத் தேர்வறைக்குப் போவதும் சரியல்ல. உங்கள் கொட்டாவியின் விலையை அந்த மாணவர் மதிப்பெண்ணில் கொடுக்க வேண்டியிருக்கும். வார விடுமுறை நாள் என்றால் மட்டும் சரி என்று சொல்லுங்கள். தேர்வர் தாமே அழைத்து வரும் எழுத்தர், கல்வித் தகுதியில் அவரைவிட ஒரு படி குறைந்தவராக இருக்க வேண்டும் என்றும் அந்த 2018 வழிகாட்டுதல் சொன்னது. பட்டத் தேர்வு எழுதுபவருக்கு உங்கள் துணைவியாரைவிட, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை பொருத்தமாக இருப்பார். தேர்வு நடத்தும் நிறுவனத்தைப் பொறுத்து விதி மாறும் என்பதால், முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

ரத்ததானம் உங்கள் ஷிப்ட்டுக்கு ஒத்துவரும். 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் ஹீமோகுளோபின் 12.5 அளவும் இருப்பவர்களில், ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறையும் பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கி நமக்கு அருகிலேயே இருக்கிறது. சி ஷிப்ட் முடித்துத் தூக்கமில்லாமல் போகாதீர்கள். அப்படி வருபவரிடம் ரத்தம் எடுப்பதில்லை என்பது முறை. அதே மருத்துவமனையில், காலை நேரத்தில் ஓ.பி. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கட்டிடத்துக்குப் போவது என்று தெரியாமல் நிற்கும் முதியவர்களுக்கு வழிகாட்டுவதும் பெரிய உதவிதான். நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்ற அமைப்பு ஒன்றின் வழியாக மட்டுமே அதைச் செய்யுங்கள்.

வீட்டைவிட்டு நகர முடியாத நாட்களுக்கு இணையப் பணிகள் உண்டு. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் நம் வட்டாரத்தைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்தலாம். நூல்களை இணையத்தில் ஏற்றும் தமிழ் விக்கிமூலத்தில், நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கங்களை மூலத்தோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பார்க்கலாம். ஒரு பக்கம் முடித்தாலும் அது முடிந்த வேலைதான். நள்ளிரவில் செய்தாலும் யாருக்கும் இடையூறு இல்லை.

திறமை என்றால் சான்றிதழ் உள்ள படிப்புதான் என்று வடசென்னையில் இருந்துகொண்டு யாரும் நினைக்க வேண்டியதில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். ஆட்டோ ஓட்டுநரான அவருடைய தந்தையே அவருக்குக் கேரம் கற்றுத் தந்தவர். வியாசர்பாடி முல்லை நகர் திடலில் கால்பந்து பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர் அதனால் படிப்பிலும் நிலைத்திருக்கிறார்கள். கேரம் ஸ்ட்ரைக்கரைப் பிடிக்கத் தெரிந்தவரும், குத்துச்சண்டை பழகியவரும், கானா பாடத் தெரிந்தவரும் தங்களிடம் ஒன்றுமில்லை என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பேரிடர்க் காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பார்த்தோம்: உணவுப் பொட்டலங்கள் பிரதான சாலையோரத்தில் குவிந்தன, பட்டாளம், புளியந்தோப்பு, வியாசர்பாடியின் உள்தெருக்களுக்கு வந்துசேரத் தாமதமானது. வெளியிலிருந்து வருபவருக்கு எந்தச் சந்தில் எத்தனை வீடு, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கிறார் என்பது தெரியாது. உங்களுக்குத் தெரியும். மழைக்கு முன்பே உங்கள் தெருவுக்கு அப்படி ஒரு பட்டியல் தயாராக இருந்தால், அதுவே பெரிய தொண்டு. உடலுக்குத் தீங்கான பொருள் கலந்த இடங்களில் மட்டும் ஆர்வத்தோடு இறங்கிவிடாதீர்கள். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோதும், 2023இல் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோதும், வெறுங்கையால் அள்ளியவர்களை நாம் பார்த்தோம். தக்க கையுறையும் காலணியும் முகக்கவசமும் தராத எந்த அமைப்பும் உங்களை அந்த வேலைக்குக் கூப்பிடக் கூடாது, கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள்.

இடத்தைத் தேடும்போது வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் போகக்கூடியதாகப் பாருங்கள். மணலி சாலையிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால், உங்கள் ஒரு மணி நேரத் தொண்டுக்கு மூன்று மணி நேரம் செலவாகும். அது அதிக நாள் தாங்காது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, எழும்பூர்ப் பக்கம் போவதுகூட எளிதாகிவிட்டது. அருகிலுள்ள பள்ளித் தலைமையாசிரியர், கிளை நூலகர், தேவாலயம், பள்ளிவாசல் ஜமாஅத், கோயில் அன்னதானக் குழு, மீனவர் பஞ்சாயத்து ஆகியோரிடம் நேரில் கேட்பதே முதல் வழி. 2006இல் சென்னையில் தொடங்கிய பூமி போன்ற அமைப்புகள் வார இறுதிப் பணிகளுக்கு ஆள் சேர்க்கின்றன; மத்திய அரசின் மை பாரத் இணையதளத்தில் இளைஞர்கள் பதிவு செய்யலாம். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் பணியில் நாட்டம் இருந்தால், 1986 முதல் தற்கொலைத் தடுப்பில் இயங்கும் ஸ்நேகா போல, முறையாகப் பயிற்சி தருகிற இடத்துக்கே போங்கள். பயிற்சி இல்லாமல் அந்த வேலையில் இறங்கக் கூடாது.

எந்த அமைப்பாக இருந்தாலும் பதிவுச் சான்றையும் சென்ற ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். தயங்காமல் காட்டுகிறார்களா என்று பாருங்கள். தன்னார்வலராகச் சேர உங்களிடமே பணம் கேட்டால் விலகிவிடுங்கள். குழந்தைகள் இருக்கும் இடம் என்றால், அவர்கள் உங்களைப் பற்றி விசாரிக்க வேண்டும். அடையாள அட்டை, தெரிந்தவர் பெயர் எதுவும் கேட்காமல் நேராகப் பிள்ளைகளிடம் அழைத்துப் போகும் இல்லத்தை நான் நம்பமாட்டேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015 தடை செய்கிறது. பிறந்தநாளுக்குச் சோறு போட்டுவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தாலும் தவறுதான்.

முதல் சந்திப்பில் "என்ன வேண்டுமானாலும் செய்கிறேன்" என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொல்பவருக்கு என்ன வேலை தருவது என்று எதிரில் இருப்பவருக்கும் தெரியாது. "நான் எலக்ட்ரீஷியன். இந்த மாதத்தில் இந்த இரண்டு வாரம் வர முடியும், சி ஷிப்ட் வாரத்தில் வர முடியாது. மூன்று மாதம் செய்து பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். ஷிப்ட் அட்டவணை வந்ததும் அதன் நகலைப் பொறுப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து ஒத்துவரவில்லை என்றால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே தெரிவித்து, உங்களிடம் இருக்கும் சாவி, நோட்டு, கடவுச்சொல் எல்லாவற்றையும் ஒப்படைத்து, அடுத்து வருபவருக்கு ஒருநாள் கூடவே இருந்து காட்டிக்கொடுத்துவிட்டு விலகுங்கள். பிள்ளைகளோடு பழகியிருந்தால், அடுத்த மாதத்திலிருந்து வரமாட்டேன் என்பதை நீங்களே அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.